சர்வதேச மாணவர் மாநாடு நடத்துவது எப்படி? வரப்போகும் ஒருத்தியிடமிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

கென்யாவின் நைரோபியில் பொதுச் சுகாதாரம் படிக்கும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். இதுவரை விமானம் ஏறியதில்லை. உங்கள் மாநாட்டு அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பித்தாள், தேர்வானாள், மாமாவிடம் கடன் வாங்கி டிக்கெட் எடுத்தாள். அதிகாலை மூன்று மணிக்குச் சென்னை விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டிப் பெட்டியோடு வெளியே வந்து நிற்கிறாள். போனில் சிம் வேலை செய்யவில்லை. அவள் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு அங்கே யாராவது நிற்கிறார்களா?

மாநாடு என்றதும் கல்லூரி மாணவர்கள் முதலில் பேசுவது லோகோ, பேனர், சிறப்பு விருந்தினர் பற்றித்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு மாநாடுகளில் வாலண்டியராகவும் ஒன்றில் ஒருங்கிணைப்பாளராகவும் இருந்த பிறகு, எல்லாத் திட்டத்தையும் அந்த அதிகாலை மூன்று மணியிலிருந்து பின்னோக்கிப் போடுவதுதான் சரி என்று ஆகிவிட்டது. எந்த முடிவு எடுத்தாலும் "இது அவளுக்கு என்ன செய்யும்?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் தானே தீரும்.

சென்னையில் ஒரு கல்லூரி, நாலு நாள், 120 டெலிகேட் (பங்கேற்க வருகிறவர்கள்), அதில் வெளிநாட்டவர் 40 பேர். இந்த அளவை வைத்தே எழுதுகிறேன். முதல்முறை நடத்துகிறவர்கள் இதைத் தாண்டாதீர்கள்.

"மாணவர்களால் முடியுமா?" என்ற கேள்விக்கு

பிரின்சிபால் அறையில் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும். பதிலைத் தயாராக எடுத்துப் போங்கள். நார்வேயின் ட்ரோன்ஹெய்ம் நகரத்தில் 1990 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாணவர்களே ஒரு சர்வதேச மாணவர் விழாவை நடத்துகிறார்கள். இஸ்ஃபிட் என்று பெயர். உலகம் முழுவதிலுமிருந்து நூற்றுக்கணக்கானோர் வருகிறார்கள். 1999 முதல் அங்கே மாணவர் அமைதிப் பரிசும் கொடுக்கிறார்கள். முதல் பரிசு கிழக்குத் திமோர் மாணவர் இயக்கத்துக்குப் போனது. சுவிட்சர்லாந்தில் 1968 மாணவர் கொந்தளிப்புக்குப் பிறகு, 1969இல் ஐந்து மாணவர்கள் சேர்ந்து ஆரம்பித்ததுதான் செயின்ட் காலன் சிம்போசியம். அதை இன்றும் மாணவர் குழுதான் நடத்துகிறது. இயற்பியல் மாணவர்களின் சர்வதேச மாநாடு 1986இல் புடாபெஸ்டில் தொடங்கியது. ஆண்டுதோறும் ஏதாவது ஒரு நாட்டு மாணவர்கள் பொறுப்பெடுத்து நடத்துகிறார்கள்.

இவற்றில் நான் அதிகம் கற்றுக்கொண்டது ட்ரோன்ஹெய்மிடமிருந்து. அங்கே டெலிகேட்டுகளுக்கு ஹோட்டல் கிடையாது. ஊர்க்காரர்களும் உள்ளூர் மாணவர்களும் தங்கள் வீடுகளில் இடம் கொடுக்கிறார்கள். பணம் குறைவாக இருக்கும் இடத்தில் ஊரே கை கொடுத்தால் மாநாடு வேறொன்றாக மாறுகிறது. நம் ஊரில் வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைக்கச் சட்ட விதிகள் உண்டு, கீழே சொல்கிறேன். ஆனால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்துப் போக எந்தத் தடையும் இல்லை. எங்கள் மாநாட்டில் மூன்றாம் நாள் இரவு டெலிகேட்டுகளை நாலு நாலு பேராக வாலண்டியர்களின் வீடுகளுக்கு அனுப்பினோம். வந்தவர்கள் இன்றும் அந்த இரவைப் பற்றித்தான் எழுதுகிறார்கள்.

தேதி (12 மாதம் முன்)

சென்னை என்றால் எனக்கு ஒரே பதில்தான்: ஜனவரி கடைசி வாரம் அல்லது பிப்ரவரி முதல் பாதி. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையமே நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதையில் தண்ணீர் நின்றது. ஏப்ரல், மே வெயிலும் செமஸ்டர் தேர்வும். மார்ச் இரண்டாம்பட்சம்.

பிறகு வருகிறவர்களின் காலண்டரைப் பாருங்கள். 2027ஐ எடுத்துக்கொண்டால், சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6. ரமலான் நோன்பு பிப்ரவரி 8 வாக்கில் தொடங்கும். அந்த நாட்களில் வைத்தால் கிழக்காசிய மாணவர்கள் பலர் வரமாட்டார்கள். முஸ்லிம் மாணவர்கள் வந்தாலும் விடியலுக்கு முன் சஹர் நேரத்துக்குச் சாப்பாடு, மாலையில் நோன்பு திறக்க ஏற்பாடு, நிகழ்ச்சி நேரத்தில் மாற்றம் எல்லாம் வேண்டும். செய்ய முடியாததில்லை, முன்கூட்டியே தெரிந்து செய்ய வேண்டும். ஜனவரி 26ஐ ஒட்டி விமான நிலையத்தில் சோதனை கெடுபிடி அதிகம். பொங்கலுக்கு ஹாஸ்டல் மெஸ் மூடியிருக்கும், பாத்திரம் தேய்க்கிற அக்காவிலிருந்து எலக்ட்ரீஷியன் வரை ஊருக்குப் போயிருப்பார்கள். ஆகவே 2027க்கு நான் வட்டம் போடுவது ஜனவரி 28 முதல் 31 வரை.

கல்லூரி ஒப்புதலும் அரசு அனுமதியும் (11 முதல் 7 மாதம் முன்)

இந்தியாவில் வெளிநாட்டவரை அழைத்து மாநாடு நடத்துவது, கல்ச்சுரல்ஸ் நடத்துவது போல இல்லை. மாநாட்டு விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது பொதுவாகக் கேட்கப்படுபவை: நடத்தும் நிறுவனத்தின் அழைப்புக் கடிதம், வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதி (வெளியுறவு நோக்கில் ஆட்சேபணை இல்லை என்ற ஒப்புதல்), உள்துறை அமைச்சகத்தின் நிகழ்வு அனுமதி. சில நாட்டவர்களுக்குக் கூடுதல் முன் அனுமதியும் தேவைப்படும். இவற்றுக்கு மாணவர் மன்றம் விண்ணப்பிக்க முடியாது, கல்லூரிதான் விண்ணப்பிக்க வேண்டும். அதனால் ஒரு பேராசிரியர் முழுமனதோடு கூட நிற்க வேண்டும். கையெழுத்துப் போட மட்டும் ஒருவர் போதாது. அமைச்சகத்திலிருந்து ஏதாவது விளக்கம் கேட்டால் அன்றே பதில் எழுதுகிறவராக இருக்க வேண்டும்.

விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டிய மாநாட்டுத் தலைப்பு, நிகழ்ச்சி நிரல், எந்தெந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் என்ற பட்டியல் ஆகியவற்றை ஏழு மாதம் முன்பே வரைவாக வைத்துக்கொள்ளுங்கள். "டூரிஸ்ட் விசாவில் வந்துவிடச் சொல்லுங்கள், யார் பார்க்கப்போகிறார்கள்" என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். மாட்டிக்கொள்ளப்போவது சொன்னவர் இல்லை, இமிகிரேஷன் கவுன்டரில் நிற்கும் அந்த நைரோபி மாணவி.

குழு

கோர் டீம் ஒன்பது பேருக்கு மேல் வேண்டாம். பொறுப்புகள்: ஒருங்கிணைப்பு, நிதி, நிகழ்ச்சி, டெலிகேட் தொடர்பு, விசா, தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து, வாலண்டியர் நலன். கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலான கல்லூரிகள் வைப்பதே இல்லை. வாலண்டியர்கள் சாப்பிட்டார்களா, தூங்கினார்களா, அவர்களுக்கு ஓடி (ஆன் டியூட்டி, அதாவது மாநாட்டு வேலைக்காக வகுப்புக்கு வராத நாளுக்கும் கிடைக்கும் அட்டென்டன்ஸ்) வந்ததா என்று பார்ப்பது மட்டுமே வேலையாக ஒருவர் வேண்டும்.

ஓடியைப் பற்றித் தனியாகவே சொல்கிறேன். மாநாடு முடிந்த பிறகு அட்டென்டன்ஸ் குறைந்து, அதை ஈடுகட்டும் கண்டொனேஷன் கட்டணம் கட்டி, துறைத் தலைவர் அறை வாசலில் நிற்கும் வாலண்டியரைப் பார்த்திருக்கிறேன். நாலு நாள் தூங்காமல் உழைத்தவர் அவர். எந்த வகுப்பு, எந்தத் தேதி, யாருக்கு என்ற ஓடி பட்டியல் மாநாட்டுக்கு ஒரு வாரம் முன்பே எல்லாத் துறைத் தலைவர்களின் கையெழுத்தோடு வந்துவிட வேண்டும். வராவிட்டால் அந்த வாலண்டியரை டியூட்டியில் போடாதீர்கள்.

கோர் டீமில் பாதிப் பேராவது இரண்டாமாண்டு மாணவர்களாக இருக்கட்டும். மூன்றாமாண்டு, இறுதியாண்டு மாணவர்களின் கவனம் பிளேஸ்மென்ட் பக்கம் போய்விடும். அது அவர்கள் வாழ்க்கை, கோபித்துக்கொள்ள முடியாது. இன்னொரு சிக்கல்: விசா வேலை உச்சத்துக்கு வருவது நவம்பர், டிசம்பரில், அதாவது சரியாக செமஸ்டர் தேர்வு நேரத்தில். விசா பொறுப்பில் வெவ்வேறு துறையைச் சேர்ந்த இருவரைப் போடுங்கள். ஒருவருக்குத் தேர்வு இருக்கும் நாளில் மற்றவர் மெயில் பார்ப்பார்.

வாலண்டியர்கள் 60 பேர் வேண்டும் என்றால் 75 பேரைத் தேர்வு செய்யுங்கள். காய்ச்சல், தாத்தா இறப்பு, இன்டர்ன்ஷிப் என்று 15 பேர் கட்டாயம் குறைவார்கள்.

பணம்

முதல் விதி: யாருடைய சொந்த ஜிபேயிலும் ஒரு ரூபாய்கூட வரக்கூடாது. கல்லூரிக் கணக்கில் தனித் தலைப்பு திறந்து அதன் வழியாக மட்டும் வரவு செலவு. நட்பு முறிவதற்கும் பெயர் கெடுவதற்கும் பணம்தான் முதல் காரணம். நேர்மையானவர்களுக்குத்தான் இந்த விதி அதிகம் தேவை, ஏனென்றால் கணக்குக் கேட்டால் மனம் புண்படுவது அவர்களுக்கே.

இரண்டாவது, வெளிநாட்டுப் பணம். வெளிநாட்டிலிருந்து நன்கொடை வாங்க எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ தேவை. டெலிகேட்டுகள் கொடுக்கும் பதிவுக் கட்டணம் என்பது சேவைக்கான கட்டணம், நன்கொடை வேறு. இரண்டையும் கலக்காதீர்கள். முன்னாள் மாணவர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து "நான் ஆயிரம் டாலர் அனுப்புகிறேன் தம்பி" என்று அன்போடு சொல்வார். கல்லூரி அக்கவுன்ட்ஸ் பிரிவையும் ஆடிட்டரையும் கேட்காமல் சரி என்று சொல்லிவிடாதீர்கள். உள்ளூர் ஸ்பான்சர்கள் இன்வாய்ஸ் கேட்பார்கள், ஜிஎஸ்டி எண் கேட்பார்கள். யார் பெயரில் பில் போடுவது என்பதும் முதல் நாளே தீர்க்க வேண்டிய கேள்வி.

மூன்றாவது, எல்லோரும் செய்யும் தவறு. தாளில் போட்டுப் பாருங்கள். டெலிகேட் 120, பேச்சாளர், விருந்தினர் சேர்த்து 20, ஆக 140 பேர். ஒரு நாள் சாப்பாடு ஆளுக்கு 400 ரூபாய் என்று வைத்தால் நாலு நாளைக்கு 2,24,000 ரூபாய். பட்ஜெட்டில் இந்த எண் பளிச்சென்று இருக்கும். ஆனால் வாலண்டியர்கள் 60 பேரும் சாப்பிட வேண்டுமே? சேர்த்தால் 3,20,000. துண்டு விழுவது 96,000 ரூபாய். இந்தத் தொகை எழுதப்படாத இடத்தில் என்ன நடக்கும் தெரியுமா? இரண்டாம் நாள் மதியம் மூன்று மணிக்கு, டெலிகேட்டுகள் சாப்பிட்டு மிஞ்சிய தயிர்சாதத்தை வாலண்டியர்கள் நின்றபடியே பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள். நான் பார்த்த முதல் மாநாட்டில் அதுதான் நடந்தது.

மொத்த பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கிப் பூட்டி வையுங்கள். டெலிகேட் உதவித்தொகைக்கு ஒரு பங்கு கட்டாயம் எடுத்து வையுங்கள், மேடை அலங்காரத்தைக் குறைத்தாவது. இல்லாவிட்டால் உங்கள் மாநாட்டுக்கு வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே வருவார்கள்.

விண்ணப்பமும் தேர்வும் (8 முதல் 5 மாதம் முன்)

சர்வதேச மாநாடு என்ற பெயரில் கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அதனால் நல்ல மாணவர்கள் சந்தேகத்தோடுதான் உங்கள் அறிவிப்பைப் படிப்பார்கள். கல்லூரியின் அதிகாரப்பூர்வ தளத்தில் மாநாட்டுப் பக்கம், கல்லூரி டொமைனில் மெயில் முகவரி, லேண்ட்லைன் எண், பொறுப்புப் பேராசிரியர் பெயர். இவை நாலும் இல்லாமல் அறிவிப்பு வெளியே போகக்கூடாது.

கடைசித் தேதியை "ஆகஸ்ட் 31 நள்ளிரவு" என்று எழுதாதீர்கள். எந்த ஊர் நள்ளிரவு? 31 தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? "ஆகஸ்ட் 31, இரவு 11:59, இந்திய நேரம்" என்று எழுதி, பக்கத்திலேயே உலகப் பொது நேரத்தையும் போடுங்கள். நைரோபியில் அப்போது இரவு 9:29.

தேர்வில் பெயர், நாடு, கல்லூரி மூன்றையும் மறைத்து, இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போடட்டும். ஆங்கில நடை அழகாக இருக்கிறது என்பதற்காக மதிப்பெண் கொடுக்காதீர்கள். சொல்ல வந்த விஷயத்தைப் பாருங்கள். தேர்வாகாதவர்களுக்கும் பதில் எழுதுங்கள். காத்திருப்புப் பட்டியலில் 15 பேர் இருக்கட்டும். விசா கிடைக்காமல் இடம் காலியாவது உறுதி.

அழைப்புக் கடிதமும் விசாவும் (5 முதல் 1 மாதம் முன்)

மாநாட்டின் உயிர் இந்த ஒற்றைத் தாளில்தான் இருக்கிறது. கல்லூரி லெட்டர்ஹெட்டில் வர வேண்டியவை: பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, மாநாட்டின் பெயர், தேதிகள், இடம், தங்குமிட முகவரி, பயணச் செலவு யாருடையது, தங்கும் செலவு யாருடையது, தொடர்பு எண், பொறுப்பாளர் கையெழுத்து, முத்திரை. எல்லோருக்கும் பொதுவாக ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள்.

பெயர் விஷயத்தில் ஒரு அனுபவம். வெளிநாட்டுப் படிவங்களை நிரப்பும்போது நாம் படும் பாடு நமக்கே தெரியும். அப்பா பெயரைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போடுவதா, இனிஷியலை விரிப்பதா, எதை எழுதினால் டிக்கெட்டில் சரியாக வரும் என்று. இந்தோனேசியாவிலும் பலருக்கு ஒற்றைப் பெயர்தான். நாங்கள் வைத்திருந்த ஆன்லைன் படிவம் இரண்டு பெயர் கேட்டது. அந்த மாணவர் வேறு வழியில்லாமல் தன் பெயரையே இரண்டு கட்டத்திலும் எழுதியிருந்தார். நாங்கள் அதை அப்படியே கடிதத்தில் அடித்து அனுப்பினோம். பாஸ்போர்ட்டில் ஒருமுறை, கடிதத்தில் இருமுறை. விண்ணப்பம் திரும்பி வந்தது. புதுக் கடிதம் போய்ச் சேர ஒன்பது நாள் ஆனது, விமான டிக்கெட் விலை அதற்குள் ஏறிவிட்டது. அதிலிருந்து எங்கள் பழக்கம்: கடிதத்தைத் தயாரித்தவர் ஒருவர், பாஸ்போர்ட்டின் கீழே வரும் இரண்டு வரி எழுத்துகளோடு விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பவர் இன்னொருவர்.

இ-விசா தகுதியுள்ள நாட்டவர் ஆன்லைனிலேயே இ-கான்ஃபரன்ஸ் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அது 30 நாளுக்கானது, ஒருமுறை நுழைய மட்டும். "இடையில் கொழும்பு போய் ரெண்டு நாள் சுற்றிவிட்டு வரவா?" என்று டெலிகேட் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள், திரும்ப உள்ளே வர முடியாது. பயணத்துக்குக் குறைந்தது நாலு நாள் முன் விண்ணப்பித்தால் போதும் என்பது விதி. நடைமுறையில் நாலு வாரம் என்று சொல்லுங்கள், திருத்தம் கேட்டால் நேரம் இருக்க வேண்டும். இ-விசாவில் எல்லா விமான நிலையத்திலும் இறங்க முடியாது, குறிப்பிட்டவற்றில் மட்டும்தான். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருச்சி அந்தப் பட்டியலில் உண்டு.

நம் நைரோபி மாணவிக்கு இன்னொன்றும் தேவை. கென்யா மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளில் ஒன்று. தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். மாநாடே நாலு நாள்தான்! ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவிலிருந்து வருகிற எல்லோருக்கும் தேர்வு முடிவு மெயிலிலேயே இதை எழுதிவிடுங்கள். பழைய சான்றிதழ் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், 2016 முதல் அது ஆயுளுக்கும் செல்லும்.

பாஸ்போர்ட் நகல்களை வாட்ஸ்அப் குரூப்பில் பகிராதீர்கள். ஒரே ஃபோல்டர், இரண்டே பேருக்குத் திறக்கும் உரிமை. நம்பிக் கொடுத்த ஆவணம் அது.

தங்குமிடம்

வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும், ஹோட்டலோ ஹாஸ்டலோ வீடோ, தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு ஆன்லைனில் விவரம் கொடுக்க வேண்டும். சி ஃபார்ம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கல்லூரி ஹாஸ்டலில் தங்கவைத்தால் வார்டன் அலுவலகத்துக்கு அதற்கான லாகின் இருக்கிறதா என்று ஒரு மாதம் முன்பே பாருங்கள்.

ஹாஸ்டல் அறையில் நாம் கவனிக்கத் தவறுபவை: ப்ளக். கென்யா, மலேசியா, சிங்கப்பூர் ப்ளக்குகள் மூன்று செவ்வகக் கால் கொண்டவை, நம் சாக்கெட்டில் போகாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாற்பது அடாப்டர் மொத்தமாக வாங்கி வையுங்கள். டாய்லெட் பேப்பர், கொசுவத்தி, போர்வை, கதவுக்கு உள்தாழ்ப்பாள். டெலிகேட் வருவதற்கு முன்பே ஒரு வாலண்டியர் அந்த அறையில் ஒரு இரவு தூங்கிப் பார்க்க வேண்டும். ஃபேன் கிறீச்சிடுகிறதா, தண்ணீர் காலை ஆறு மணிக்கு வருகிறதா என்பதெல்லாம் படுத்தால்தான் தெரியும்.

சாப்பாடு

நம் சமையலில் எதில் என்ன இருக்கிறது என்று நமக்கே தெரியாது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு எதைத் தரலாம் என்று சமையல் மாஸ்டரிடம் கேளுங்கள். "கடலை எதுவும் போடலங்க" என்பார். பிறகு காரச் சட்னியில் அரைத்தது, எலுமிச்சைச் சாதத்தில் தாளித்தது, பொரிக்க ஊற்றிய எண்ணெய் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை சேராதவர்களுக்கு ரசம்கூட ஆபத்தாகலாம். பால் பொருளே வேண்டாம் என்பவர்களுக்குப் பொங்கலில் நெய், அவியலில் தயிர்.

அதனால் சாப்பாட்டுப் பொறுப்பாளர் மாஸ்டரோடு சமையலறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொரு பதார்த்தத்திலும் போடும் எல்லாப் பொருளையும் எழுத வேண்டும். அதைப் பார்த்து ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்னால் சிறிய அட்டை. ஒவ்வாமை உள்ளவர்களின் பேட்ஜில் ஒரு நிறப் புள்ளி, பரிமாறுகிறவருக்கு அந்த நிறத்தின் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும். ஹலால் கேட்பவர்களுக்குத் தெளிவான பதில் சொல்லுங்கள், தெரியாமல் "ஆமா ஆமா" என்று தலையாட்ட வேண்டாம். காரத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். நமக்காகத் தனியாக ஊறுகாயும் மிளகாய்ப்பொடியும் இருந்தால் போதும். வயிறு கெட்டால் கொடுக்க ஓஆர்எஸ் பாக்கெட் நூறு வாங்கி வையுங்கள்.

நிகழ்ச்சி நிரல்

தொடக்க விழா 45 நிமிடம். மேடையில் ஐந்து நாற்காலி. பொன்னாடை, நினைவுப்பரிசு, ஒவ்வொருவருக்கும் நீண்ட அறிமுகம் என்று போனால் பதினொரு மணி நேரம் பயணம் செய்து வந்தவர்கள் முதல் வரிசையிலேயே தூங்கிவிடுவார்கள். இதில் கல்லூரி நிர்வாகத்தோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். பணிவாக, ஆனால் விடாமல் பேசுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழுந்து நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே டெலிகேட்டுகளுக்குச் சொல்லி, அதன் பொருளையும் ஒரு பத்தியில் கொடுங்கள். அதைக் கேட்டுவிட்டுப் பலர் தங்கள் மொழிப் பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.

மீதி நேரத்தில் பெரும்பகுதி சிறு குழுக்களுக்கு. ஒரு குழுவில் 15 பேர், நாலு நாளும் அதே குழு. இரண்டாம் நாள் மாலைக்குள் அவர்களுக்குள் வாய் திறந்துவிடும். நூறு பேர் அரங்கில் ஒருவர் பேசி மற்றவர்கள் கேட்பதற்குக் கடல் தாண்டி வர வேண்டியதில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒருவரைப் பேச்சை நகர்த்தப் பழக்குங்கள்: நன்றாக ஆங்கிலம் பேசுகிற இரண்டு பேரே முழு நேரத்தையும் எடுத்துக்கொள்ளாமல் பார்ப்பதுதான் அவர் வேலை.

தினமும் இரண்டு மணி நேரம் வெறுமனே விடுங்கள். ஊர் சுற்ற ஒரு அரை நாள். மாமல்லபுரம் நல்லது, காலை ஆறரைக்குக் கிளம்பினால்.

வருகை: அந்த அதிகாலை

எல்லா டெலிகேட்டுகளின் விமான எண், இறங்கும் நேரம், டெர்மினல் ஆகியவற்றை ஒரு பட்டியலில் போடுங்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சென்னையில் சர்வதேச விமானங்களுக்கு டெர்மினல் 2, உள்நாட்டுக்கு 1, 4. நைரோபியிலிருந்து மும்பை வழியாக வருகிறவர் இமிகிரேஷனை மும்பையிலேயே முடித்துவிட்டு உள்நாட்டுப் பயணியாகச் சென்னையில் இறங்குவார். வெளிநாட்டிலிருந்துதானே வருகிறார் என்று எங்கள் வாலண்டியர்கள் இருவர் டெர்மினல் 2இல் அட்டையோடு ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். அவர் உள்நாட்டு வாசலில், வைஃபைக்கு ஓடிபி கேட்டும் வராத போனோடு, பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் கண்டுபிடித்தபோது அவர் அழவில்லை. "பரவாயில்லை, நீங்கள் வருவீர்கள் என்று தெரியும்" என்றார். அந்த வார்த்தை எங்களைத் தூங்கவிடவில்லை.

அதன் பிறகு நாங்கள் எழுதிய விதிகள் இவை. டெலிகேட் சென்னைக்கு வரும் கடைசி விமானம் எங்கிருந்து கிளம்புகிறது என்று பட்டியலில் ஒரு தனிக் கட்டம். ஒவ்வொரு வருகைக்கும் இரண்டு வாலண்டியர், இரவென்றால் அதில் ஒருவராவது பெண். அட்டையில் பெயர் பெரிய எழுத்தில், மாநாட்டு லோகோவோடு. காத்திருக்க வேண்டிய தூண் எண்ணின் போட்டோ டெலிகேட்டுக்கு முன்பே போயிருக்க வேண்டும். டெலிகேட் கையில் அச்செடுத்த ஒரு தாள்: தங்குமிட முகவரி தமிழிலும் ஆங்கிலத்திலும், மூன்று போன் எண்கள், "என்னை இந்த முகவரிக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்று தமிழில் ஒரு வரி. போன் செத்தாலும் அந்தத் தாள் சாகாது.

காரில் ஏறியதும் தண்ணீர் பாட்டில், இரண்டு வாழைப்பழம், வீட்டுக்குப் பேச வாலண்டியரின் ஹாட்ஸ்பாட். "அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், வந்து சேர்ந்தாச்சு என்று." இது எந்த மொழியில் சொன்னாலும் புரியும்.

அந்த நாலு நாள்

வாலண்டியர் ஷிஃப்ட் ஆறு மணி நேரம், அதற்கு மேல் கிடையாது. இரவு ஷிஃப்ட் பார்த்தவர் மறுநாள் காலை வரக்கூடாது. எனக்கு ஒன்றும் இல்லண்ணா, நான் இருக்கேன் என்பார்கள். வீட்டுக்கு அனுப்புங்கள். தூக்கம் கெட்டவர் பைக் ஓட்டிக்கொண்டு ஐஸ் வாங்கப் போவதுதான் மாநாட்டின் மிகப் பெரிய ஆபத்து.

காலை ஏழரைக்கு நின்றபடி பத்து நிமிடக் கூட்டம், இரவு பத்துக்கு உட்கார்ந்து அரை மணி. காலையில் இன்று என்ன என்று மட்டும். யார் தப்பு என்பது இரவிலும் வேண்டாம், என்ன தப்பு என்று மட்டும் பேசுங்கள்.

பாதுகாப்புக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், அவர்கள் போட்டோவும் எண்ணும் ஒவ்வொரு பேட்ஜின் பின்னாலும். நடத்தை விதிகளை எளிய ஆங்கிலத்தில் ஒரே பக்கத்தில் எழுதிப் பதிவின்போதே சம்மதம் வாங்குங்கள். புகார் வந்தால் கல்லூரியின் உள்ளகப் புகார் குழுவுக்கு அன்றே போக வேண்டும். வேண்டியவர் என்பதற்காக "விட்டுடலாம், நாளைக்கு ஊருக்குப் போயிடுவான்" என்று முடிக்கக் கூடாது. அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, பெண்களுக்கு 181. அருகிலுள்ள 24 மணி நேர மருத்துவமனைக்கு முந்தைய வாரமே நேரில் போய், வெளிநாட்டவரைச் சேர்க்க என்ன ஆவணம் கேட்பார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். டெலிகேட்டுகள் பயணக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும், அதன் நகல் உங்களிடம் இருக்க வேண்டும்.

ஜெனரேட்டர் டீசல், கூடுதல் மைக் பேட்டரி, இரண்டாவது புரொஜெக்டர். இவற்றை எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லிவிட்டேன்.

முடிந்த பிறகு

கடைசி டெலிகேட் விமானம் ஏறும்வரை மாநாடு முடியவில்லை. நிறைவு விழா இரவில் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போது, மறுநாள் காலை நாலரைக்கு விமான நிலையத்துக்கு யார் கூட்டிப்போவது என்ற பட்டியல் காலியாக இருக்கும். அதற்கு வேறு ஆட்களை முன்பே ஒதுக்குங்கள். நாலு நாளும் டியூட்டி பார்க்காத ஆறு பேர்.

பத்து நாளுக்குள் கணக்கை முடித்து, பில்களோடு கல்லூரியில் கொடுத்து, சுருக்கத்தை எல்லா வாலண்டியர்களுக்கும் ஸ்பான்சர்களுக்கும் அனுப்புங்கள். வாலண்டியர் சான்றிதழில் "பங்கேற்றார்" என்று பொதுவாக எழுதாமல், அவர் செய்த வேலையை எழுதுங்கள்: "இரவு வருகைப் பொறுப்பு, 14 டெலிகேட்." நாளைக்கு ஒரு இன்டர்வியூவில் அந்த வரியைக் காட்டி அவரால் பேச முடியும்.

அடுத்த ஆண்டுக் குழுவுக்கு ஒரு ஃபைல்: யாரிடம் பந்தல், என்ன விலை, எந்த மாஸ்டர், அனுமதிக்கு எந்தத் தேதியில் எழுதி எந்தத் தேதியில் பதில் வந்தது, எதில் தவறினோம். தவறியதைத்தான் விரிவாக எழுத வேண்டும். சமையல் மாஸ்டர், ஹாஸ்டல் வாட்ச்மேன், துப்புரவு அக்காக்கள், கார் டிரைவர்கள் ஆகியோரை நேரில் போய்ப் பார்த்து நன்றி சொல்லி, பாக்கியை அன்றே கொடுங்கள். அடாப்டர்களை எண்ணிப் பெட்டியில் போடுங்கள். விசா ஃபோல்டரைத் திறந்து, விதிப்படி வைத்திருக்க வேண்டியவற்றை மட்டும் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, மீதி பாஸ்போர்ட் நகல்கள் அத்தனையும் இருவர் முன்னிலையில் அழித்துவிடுங்கள். பிறகு அந்த நைரோபி மாணவிக்கு ஒரு மெசேஜ் போட்டு, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாளா என்று கேளுங்கள்.